திறக்காத சிப்பியின் விலை

மாரியூர், வாலிநோக்கம், கீழக்கரை என நீளும் மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு காலத்தில் முத்துச் சிப்பி, திறக்கப்படும் முன்பே விலைபோனது. தூத்துக்குடியிலும் இலங்கையின் மன்னார்க் கரையிலும் நடந்த சலாபங்களின், அதாவது முத்துக்குளிப்புகளின், அடிப்படையே இந்த முன்விற்பனைதான்.

சலாபத்துக்கு முன் அதிகாரிகள் சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான பார்களைச் சோதித்து, மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றில் கிடைத்த முத்துகளை வியாபாரிகள் மதிப்பிட, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று அறிவிப்பு வெளியாகும். அதை நம்பியே கீழக்கரை மரைக்காயர்களும் செட்டியார்களும் பம்பாய் வியாபாரிகளும் முதலோடு வந்து சேர்ந்தார்கள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைச் சலாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்கியவர் சிப்பிகளை ஒரு வாரம்போல அழுகவிட்டு, ஈ மொய்க்கும் அந்தச் சேற்றைத் தொட்டியில் அலசி, துளையிட்ட பித்தளைச் சல்லடைகளில் சலித்த பிறகே லாபமா நட்டமா என்று தெரியும். பெரிய ஆணிமுத்து ஒன்று அகப்பட்டதாகச் செய்தி பரவினால், மறுநாள் ஏலம் ஏறிவிடும். குளியாட்களோ தங்கள் பங்கைக் கரையிலேயே சில்லறையாக விற்றுக் காசாக்கினார்கள். உயிரைப் பணயம் வைத்துக் குளித்தவர்கள் முத்தின் அதிர்ஷ்டத்தைப் பிறரிடம் விட்டது மிகச் சரியான கணக்கு.

கிரிப்டோ டோக்கன்களின் முன்விற்பனையும் இந்த வகைதான். ஆனால் அங்கே மாதிரிச் சிப்பிகூடக் கிடையாது, திட்ட அறிக்கை மட்டுமே உண்டு. 2014 ஜூலை 22 முதல் 42 நாள் நடந்த எத்தீரியம் விற்பனையில், முதல் 14 நாள்களில் ஒரு பிட்காயினுக்கு அதன் டோக்கனான ஈதர் 2,000 கிடைத்தது. பிறகு அது படிப்படியாக 1,337 வரை குறைந்தது. எத்தீரியம் வலைப்பின்னல் இயங்கத் தொடங்கியது 2015 ஜூலை 30இல். முந்தி வந்தவருக்குக் கிடைத்த சலுகை, இன்னும் உருவாகாத ஒன்றுக்குப் பணம் கொடுத்த துணிச்சலுக்கான கூலி.

சலாபத்திலோ, மாதிரி இருந்தும் பெருமுதல் மூழ்கியது உண்டு. 1905இல் இலங்கைச் சலாபம் சுமார் 8 கோடிச் சிப்பிகளையும் அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாயையும் தந்தது. அந்தக் கணக்கில் மயங்கி, லண்டன் முதலீட்டில் அமைந்த ஒரு கம்பெனி 1906இல் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு 20 ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வெறுமையாகின. திருக்கை மீன்களும் இடம்மாறும் மணலும் இளஞ்சிப்பியை அழிக்கும் என்பது கடலறிஞர்கள் முன்பே எழுதியதுதான். கம்பெனி கலைந்தது, அங்கே அடுத்த சலாபம் 1925இல்தான் நடந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்போடு இந்தக் கரையின் ஏலமும் நின்றுபோனது.