அங்குலம், வயது, உயரம்: மேற்குச் சென்னையில் குழந்தை உடையளவின் வரலாறு

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ குழந்தைத் துணி வாங்கப் போகிறவர் மூன்று வகை எண்களைப் பார்க்கலாம். பாவாடை சட்டையில் 20 என்றிருக்கும். பிராண்டுச் சட்டையில் 2-3 வயது. ஏற்றுமதி ரகத்தில் 98 செ.மீ. மூன்றுக்கும் தனித்தனி வரலாறு உண்டு. இவற்றில் வயது எண்தான் மிகவும் நம்பத்தகாதது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய குழந்தை உடைக்கு எண்ணே தேவைப்படவில்லை. ஜப்லாவை நாடாவால் முடியலாம். பாவாடையை இடுப்பில் இழுத்துக் கட்டலாம். கீழே இரண்டு டக் பிடித்துத் தைத்துவிட்டு, பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுவார்கள். உடை பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தது. ரெடிமேட் வந்தபோது தையற்காரரின் அங்குலமே 16, 18, 20 என்று எண்ணாயிற்று. 1956இல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்த பிறகும் தையற்கடை டேப்பில் அங்குலம் அசையவில்லை.

ஆவடியில் 1961இல் படைத்துறை உடைத் தொழிற்சாலை வந்தது. பின்னர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஏற்றுமதி ஆடை ஆலைகள் பெருகின. அடுக்கடுக்காய்த் துணி விரித்து ஒரே வெட்டில் அறுக்கும் இடத்தில், உடுத்தப்போகிறவரின் உடலைக் கட்டிங் மாஸ்டர் பார்ப்பதில்லை. வாங்குபவர் அனுப்பும் அளவுப் பட்டியலே அவருக்கு உடல்.

அந்தப் பட்டியல்களின் வேர் அமெரிக்காவில் இருக்கிறது. 1930களின் இறுதியில் அந்நாட்டு வேளாண் துறையில் ரூத் ஓபிரையன் தலைமையில் சுமார் 1,47,000 சிறுவர் சிறுமியரை அளந்தார்கள். ஒவ்வொருவருக்கும் 36 அளவுகள். அவர்கள் கண்ட முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்: உடை வெட்ட வயது சரியான அடிப்படை அல்ல, உயரமும், தையற்காரர்கள் சீட் என்று சொல்லும் பின்னிடுப்புச் சுற்றும்தான் அடிப்படை. அப்படியிருந்தும் வணிகம் வயதை விடவில்லை. பெற்றோருக்குப் பிள்ளையின் வயது நினைவிலிருக்கும், உயரம் இருக்காது.

ஐரோப்பா உயரத்தைப் பிடித்துக்கொண்டது: 80, 86, 92, 98 என ஆறு ஆறு சென்டிமீட்டராக ஏறும். இதன் பலத்தை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சித் தரம் காட்டுகிறது. இரண்டு வயது ஆண் குழந்தையின் இயல்பான உயரம் 81 முதல் 93 செ.மீ. வரை இருக்கலாம். அதாவது ஒரே வயதுக்குள் மூன்று ஐரோப்பிய அளவுகள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் நால்வரில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் எட்டாதவர். அந்தக் குழந்தைக்கு வயது எண் முன்கூட்டியே தவறாகிவிடுகிறது. சட்டை தொளதொளப்பதைக் கண்டு 'பிள்ளை வளரவில்லை' என்று தாயைக் குறை சொல்லும் வீடுகளும் இருக்கின்றன.

இந்திய உடல்களுக்கென்றே தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் மேற்கொண்ட 'இந்தியா சைஸ்' ஆய்வு 25,000 பேரை அளக்கும் இலக்குடன் தொடங்கியது. அதில் சேர்த்துக்கொண்ட வயது 15 முதல் 65. குழந்தைகள் அதற்கு வெளியே நின்றார்கள்.

இந்தக் குறையை நிரப்ப இங்கேயே ஒரு வழி இருக்கிறது. தமிழகத்தில் 1985 முதல் சத்துணவு மாணவர்களுக்கு இலவசச் சீருடை வழங்கப்படுகிறது. 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு செட். அவற்றை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கத்தினர் தைக்கிறார்கள். பள்ளிகளில் மாணவர் உயரமும் எடையும் பதிவாகின்றன. அந்தப் பதிவேட்டைச் சங்கங்களின் வெட்டுப் பட்டியலோடு சேர்த்தால், பள்ளி வயதினருக்கேனும் நமக்கென ஓர் அளவு அட்டவணை உருவாகும். கூடுதலாக எடுக்க வேண்டியது சீட் சுற்று ஒன்றுதான்.