இலங்கையில் இஸ்லாமியத் தீவிரவாதம்

இலங்கையில் இஸ்லாமியத் தீவிரவாதம் என்பது, அந்நாட்டு முஸ்லிம்களுள் ஒரு சிறு குழுவினர் பன்னாட்டு ஜிகாதியக் கருத்தியலை ஏற்று மேற்கொண்ட வன்முறைச் செயற்பாடுகளைக் குறிக்கும். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று நடத்தப்பட்ட தற்கொலைக் குண்டுத் தாக்குதல்கள் இதன் உச்சமாகும். கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய நகரங்களில் மூன்று தேவாலயங்களும், கொழும்பில் மூன்று ஆடம்பர விடுதிகளும் தாக்கப்பட்டன. 260-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

உலகப் பின்னணி

முதலாம் உலகப் போரில் உதுமானியப் பேரரசு தோல்வியுற்றது. அதன் அரபு நிலப்பகுதிகள் பலவற்றைப் பிரித்தானியாவும் பிரான்சும் தம் ஆட்சிக்கு உட்படுத்தின. 1924 இல் துருக்கி கலீபா பதவியை ஒழித்தது. 1928 இல் எகிப்தில் ஹசன் அல்-பன்னா முஸ்லிம் சகோதரத்துவ அமைப்பைத் தொடங்கினார். அதன் சிந்தனையாளரான சையித் குதுப், மேற்கத்திய நாகரிகத்தை மட்டுமன்றி, முஸ்லிம் நாடுகளின் அரசுகளையும் இறைநெறிக்குப் புறம்பானவை எனக் கருதினார். அவர் 1966 இல் தூக்கிலிடப்பட்டார். 1979 இல் ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததும், 2003 இல் அமெரிக்கா தலைமையிலான படைகள் ஈராக்கைக் கைப்பற்றியதும் ஆயுதக் குழுக்கள் வளர வழிவகுத்தன. 2014 ஜூனில் 'இஸ்லாமிய அரசு' என்ற அமைப்பு ஈராக், சிரியா பகுதிகளில் கலீபா ஆட்சியை அறிவித்தது.

உள்நாட்டுப் பின்னணி

இலங்கை முஸ்லிம்கள் 1915 கலவரம் முதலாகப் பல வன்முறைகளுக்கு உள்ளாகியுள்ளனர். 1990 ஆகஸ்ட் 3 அன்று மட்டக்களப்பு மாவட்டத்தின் காத்தான்குடியில், பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இப்படுகொலையை விடுதலைப் புலிகளே செய்தனர் எனக் கருதப்படுகிறது. அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். போர் முடிந்த பின் பௌத்த தேசியவாதக் குழுக்களின் எதிர்ப்புப் பரப்புரை வலுத்தது. 2014 இல் அளுத்கமையிலும், 2018 இல் திகனையிலும் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரங்கள் நிகழ்ந்தன.

எனினும் இக்குறைகள் மட்டுமே தீவிரவாதத்தை விளக்கப் போதுமானவையல்ல. இதே காத்தான்குடியில் 1981 இல் தொடங்கப்பட்ட ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ், தேர்தல் வழியிலேயே உரிமை கோரியது. பெரும்பாலான முஸ்லிம்கள் அரசியல் வழியையே பின்பற்றினர்.

சஹ்ரான் ஹாசிம்

காத்தான்குடியில் சூபி மரபினருக்கும் சீர்திருத்தவாதிகளுக்கும் இடையில் 2004 இலும் 2006 இலும் மோதல்கள் நடந்தன. அவ்வூரைச் சேர்ந்த சஹ்ரான் ஹாசிம் தேசிய தவ்ஹீத் ஜமாஅத்தை நிறுவி, தமிழில் ஆற்றிய உரைகளை இணையத்தில் பரப்பினார். தவ்ஹீத் என்பது ஏகத்துவத்தைக் குறிக்கும் சொல். இப்பெயரைக் கொண்ட பிற அமைப்புகள் இவருடைய அமைப்பிலிருந்து வேறானவை. 2017 மார்ச்சில் நடந்த மோதலையடுத்துச் சஹ்ரான் தலைமறைவானார். அவரைக் கைதுசெய்யுமாறு காத்தான்குடி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தனர்.

தாக்குதலின் நோக்கம்

2019 மார்ச்சில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் நடந்த படுகொலைக்குப் பழிவாங்கலே இத்தாக்குதல் என அமைச்சர் ஒருவர் கூறினார். ஆனால் அதற்கு முன்பே, 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டத்தின் வனாத்தவில்லுவில் பெருமளவு வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டிருந்தன. மேலும், இலங்கையில் முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையே பெரிய பகைமை இருந்ததில்லை. தேவாலயங்களும் வெளிநாட்டினர் தங்கும் விடுதிகளும் இலக்காகத் தெரிந்தெடுக்கப்பட்டமை, உள்ளூர்ப் பகையைவிட 'இஸ்லாமிய அரசு' அமைப்பின் உலகளாவிய நோக்குக்கே பொருந்துகிறது. அவ்வமைப்பு ஏப்ரல் 23 அன்று தாக்குதலுக்கு உரிமை கோரியது.

விளைவுகள்

ஏப்ரல் 4 அன்றே இந்திய உளவுத்துறை எச்சரித்திருந்தும் உரிய நடவடிக்கை எடுக்கப்படவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உயர் நீதிமன்றம், தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. தாக்குதலில் தொடர்பில்லாத முஸ்லிம்களும் பாதிப்புக்குள்ளாயினர். 2019 மே மாதம் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் அவர்களுடைய பள்ளிவாசல்கள், வீடுகள், கடைகள் தாக்கப்பட்டன.