பனி நாள்

பனி நாள் என்பது கடும் பனிப்பொழிவு, பனிப்புயல், கடுங்குளிர் ஆகியவற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்படும் நாளைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் இவ்வழக்கம் பரவலாக உள்ளது.

முடிவெடுக்கும் முறை

ஐக்கிய அமெரிக்காவில் பொதுவாகப் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளரே இம்முடிவை எடுக்கிறார். வானிலை முன்னறிவிப்பு, சாலைகளின் நிலை ஆகியன கருத்திற் கொள்ளப்படுகின்றன. பேருந்துகள் புறப்படுமுன் அதிகாலையிலேயே அறிவிப்பு வெளியாகும். முழுநாள் விடுமுறைக்குப் பதிலாக, பள்ளியைத் தாமதமாகத் தொடங்குவதும் முன்னதாக முடிப்பதும் உண்டு.

நண்பகல் மூடலின் இடர்

மாணவர்கள் பள்ளிக்கு வந்தபின் வானிலை மோசமடைவதே மிகவும் ஆபத்தானது. 1888 சனவரி 12 அன்று பெருஞ்சமவெளிப் பகுதியில் இதமான காலைப்பொழுதைத் தொடர்ந்து திடீரெனப் பனிப்புயல் வீசியது. இதில் 235 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. இவர்களில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிய குழந்தைகள் பலர். எனவே இது பள்ளிக்கூடப் பனிப்புயல் எனப்படுகிறது.

2014 சனவரி 28 அன்று அட்லாண்டாவில் ஏறத்தாழ 2 அங்குலப் பனியே பெய்தது. எனினும் பள்ளிகளும் அலுவலகங்களும் ஒரே நேரத்தில் மூடப்பட்டதால் சாலைகள் முடங்கின. ஆயிரக்கணக்கான மாணவர்கள் பள்ளிகளிலேயே இரவைக் கழித்தனர். சிலர் பேருந்துகளில் சிக்கிக்கொண்டனர்.

ஈடுசெய்தல்

பல மாநிலங்களில் ஆண்டுக்கு 180 பள்ளி நாட்கள் தேவை. ஆகையால் இழந்த நாட்கள் பெரும்பாலும் கல்வியாண்டின் இறுதியில் ஈடுசெய்யப்படுகின்றன. 2020 ஆம் ஆண்டிற்குப் பின் சில மாவட்டங்கள் பனி நாட்களில் இணையவழி வகுப்புகளை நடத்துகின்றன. ஆனால், பள்ளியில் இலவச உணவு பெறும் குழந்தைகளுக்கு அன்றைய உணவை இணையவழி வகுப்பு ஈடுசெய்வதில்லை.