பாலும் கொலையும்

1939-ம் வருடம். சிங்கப்பூர் ரோட்டரி கிளப்பில் ஒரு கூட்டம். பேச வந்தவர் ஒரு பெண் டாக்டர். பெயர் சிசிலி வில்லியம்ஸ். குழந்தைகளுக்கு வைத்தியம் பார்ப்பவர் என்பதால், ‘பிள்ளை வளர்ப்பு பற்றி நாலு நல்ல விஷயம் சொல்லிவிட்டுப் போவார்’ என்றுதான் வந்திருந்த கனவான்கள் நினைத்திருப்பார்கள். அந்த அம்மா வைத்த தலைப்போ, ‘பாலும் கொலையும்’!

பேச்சும் தலைப்புக்குக் கொஞ்சமும் குறையவில்லை. பொருந்தாத ஆகாரத்தால் பச்சைக் குழந்தைகள் தினம் தினம் சாவதைப் பார்த்துப் பார்த்துத் தன் வாழ்க்கையே கசந்துபோய்விட்டது என்றார். குழந்தை உணவு பற்றித் தப்பான பிரசாரம் செய்கிறவர்களை ராஜத் துரோகிகளைப் போலத் தண்டிக்க வேண்டும், இந்தச் சாவுகளைக் கொலைக் கணக்கில்தான் எழுத வேண்டும் என்று போட்டு உடைத்தார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது அந்த கிளப்பின் தலைவராக இருந்தவர், நெஸ்லே கம்பெனியின் உள்ளூர்த் தலைவர் என்று சொல்கிறார்கள்!

அப்படி என்னதான் கோபம் அவருக்கு? கொஞ்சம் பின்னால் போவோம்.

சிசிலி 1893-ல் ஜமைக்காவில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படித்தார். முதல் உலகப்போருக்கு ஆண்கள் கிளம்பிப் போய்விட, பெண்களுக்கு மருத்துவப் படிப்பின் கதவு கொஞ்சம் திறந்த காலம் அது. 1929-ல் பிரிட்டிஷ் சர்க்கார் அவரை மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டுக்கு அனுப்பியது. இன்றைய கானா. அங்கே ஒரு விசித்திரமான நோயைப் பார்த்தார். ஒரு வயது, இரண்டு வயதுக் குழந்தைகள். கால் வீங்கி, வயிறு உப்பி, முடி செம்பட்டையாகி, தோல் உரிந்து செத்துப்போனார்கள். மருத்துவப் புத்தகத்தில் அதற்குப் பெயரே இல்லை. சிசிலி என்ன செய்தார் தெரியுமா? அந்த ஊர் அம்மாக்களிடமே போய்க் கேட்டார். ‘இதற்கு நீங்க என்ன பேர் சொல்றீங்க?’

‘குவாஷியோர்கர்’ என்றார்கள். அடுத்த குழந்தை வந்ததும் தாயின் மார்பிலிருந்து இறக்கிவிடப்பட்ட குழந்தைக்கு வரும் நோய் என்று அர்த்தம். நம் ஊரில் ‘சவலைப் பிள்ளை’ என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்! தாய்ப்பாலை இழந்து, வெறும் சோளக் கஞ்சியில் வளர்ந்த பிள்ளைகள். 1933-லும் 1935-லும் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரைகளால்தான் அந்த ஆப்பிரிக்கச் சொல் உலக மருத்துவ அகராதிக்குள் நுழைந்தது. மேலதிகாரிகளோடு ஒத்துப்போகவில்லை. 1936-ல் மலேயாவுக்கு மாற்றல்!

ஆப்பிரிக்காவில் அவர் பார்த்தது, வறுமையால் பால் பறிபோன குழந்தைகளை. சிங்கப்பூரில் பார்த்தது வேறு ரகம். அங்கே தாய்க்குப் பால் சுரந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் குழந்தையின் வாயில் டின் பால்!

சிங்கப்பூர், மலேசியா போய்வந்தவர்களைக் கேளுங்கள். அங்கெல்லாம் டின் பால் விட்டுத்தான் டீ ஆற்றுவார்கள். நாம் பாயசத்துக்கும் கேக்குக்கும் ஊற்றுகிற அதே கெட்டிப்பால். அதில் கிட்டத்தட்ட பாதி சர்க்கரை! டீக்கு ஓகே. ஆனால், பிறந்த குழந்தைக்கு? அதிலும் மலிவான ரகம், கொழுப்பை எடுத்துவிட்ட பால். கொழுப்போடு சேர்ந்து வைட்டமின் ஏ, டி இரண்டும் போய்விடும். விளைவு, கண் பார்வை பறிபோகலாம். எலும்பு வளைந்து போகலாம். பிரிட்டனில் 1920-களிலேயே, ‘குழந்தைகளுக்கு ஏற்றதல்ல’ என்று அந்த டின்களில் அச்சிட வேண்டும் எனச் சட்டம் வந்துவிட்டது. காலனி நாட்டில் யார் கேட்பது?

கம்பெனிகள் இன்னொரு காரியமும் செய்தன. பெண்களுக்கு நர்ஸ் போல வெள்ளை உடுப்பு மாட்டி, பிரசவமான வீடுகளுக்கு அனுப்பின. ‘உன் பாலைவிட இதுதான் சத்து’ என்று சொல்ல வைத்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பிரசவித்து நாலு நாள் ஆன ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். உடம்பெல்லாம் வலி. தூக்கம் இல்லை. குழந்தை ஓயாமல் அழுகிறது. ‘நமக்குப் பால் பத்தலையோ?’ என்ற பயம். அந்த நேரம் பார்த்து வெள்ளை உடுப்பில் ஒருத்தர் வந்து, ‘ஆமாம்மா, பத்தலை’ என்றால், நம்பாமல் என்ன செய்வாள்?

நம்பினாள். அதற்கப்புறம் நடப்பது வெறும் கணக்குதான். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் தாய்க்குப் பால் சுரக்கும். ஒரு வேளை டின் பால் கொடுத்தால், அந்த வேளை உறிஞ்சல் இல்லை. சுரப்பு குறைகிறது. குறைந்ததால் இன்னொரு வேளை டின் பால். சில வாரங்களில், ‘பால் பத்தலை’ என்ற பொய் உண்மையாகிவிடும்! இனி டின்னை விட்டால் வழி கிடையாது. டின்னோ விலை அதிகம். ஒரு வாரத்து டின்னை இரண்டு வாரத்துக்கு இழுக்கத் தண்ணீரை ஊற்றிக் கலக்க வேண்டியதுதான். அந்தத் தண்ணீரும் சுத்தம் கிடையாது. பேதி. மெலிவு. கடைசியில் சாவு. சிசிலி ‘கொலை’ என்று சொன்னது இதைத்தான். கவனியுங்கள், அவர் தாய்மார்களைத் திட்டவே இல்லை. தாயை ஏமாற்றியவர்களைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்.

அவர் சொன்னது சரியா? அதற்கான பரீட்சை, யாரும் விரும்பாத ஓர் இடத்தில் நடந்தது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தது. சிசிலியும் மற்ற ஐரோப்பியர்களோடு கைதாகி, சாங்கி சிறைக்குள் போனார். பெண்கள் முகாமின் தலைவியாகவும் இருந்தார். 1943-ல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டு போய், மாதக்கணக்கில் கூண்டில் அடைத்து விசாரித்தது. பெரிபெரி நோயில் கால்கள் மரத்துப்போயின.

அந்தச் சிறைவாசத்திலும் குழந்தைகள் பிறந்தன. தாய்மார்களுக்கே அரை வயிற்றுச் சோறு. டின் பால் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘பத்தலை’ என்று பயமுறுத்த வெள்ளை உடுப்புக்காரிகளும் இல்லை. பக்கத்தில் இருந்தது சக கைதிகளும், சிசிலி போன்ற டாக்டர்களும்தான். அந்தக் கணக்கைப் பிற்காலத்தில் அவர் அடிக்கடி சொல்வார். 20 குழந்தைகள் பிறந்தன. 20 பேரும் தாய்ப்பால் குடித்தார்கள். 20 பேரும் பிழைத்தார்கள்!

போர் முடிந்தது. 1948-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய்-சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவர் ஆனார் சிசிலி. ஆனால், பால் வியாபாரம் மட்டும் மாறவில்லை. டின்னில் கெட்டிப்பாலுக்குப் பதில் பவுடர் வந்தது, அவ்வளவுதான். 1974-ல் ‘வார் ஆன் வான்ட்’ என்ற பிரிட்டிஷ் அமைப்பு இதைப் பற்றி வெளியிட்ட சிறு நூல் உலகை உலுக்கியது. 1977-ல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் புறக்கணிக்கும் போராட்டம் வெடித்தது. 1981-ல் உலக சுகாதார சபையில், தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளை விளம்பரம் செய்யக்கூடாது என்ற விதிமுறை ஓட்டெடுப்புக்கு வந்தது. ஆதரவு 118. எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அமெரிக்கா!

நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? கொழுகொழு குழந்தையைப் பார்த்தால் ‘அமுல் பேபி’ என்றுதானே கொஞ்சினோம்! 1992-ல் இந்தியா சட்டம் போட்டது. குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் கூடாது. டின்னில் பாப்பா படமோ அம்மா படமோ போடக் கூடாது. இலவச சாம்பிள் கூடாது. 2003-ல் அதை இன்னும் இறுக்கி, இரண்டு வயது வரைக்குமான உணவுகளையும் சேர்த்தார்கள். சிசிலி வில்லியம்ஸ் கண்மூடியதும் அதே 1992-ல்தான். வயது 98.

சட்டம் வந்துவிட்டது. அத்தோடு முடிந்ததா? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். இந்தியாவில் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைப்பது 100-ல் சுமார் 42 குழந்தைகளுக்குத்தான். மஞ்சளாகத் திக்காக வரும் சீம்பாலை, ‘இது ஆகாது, கறந்து கீழே ஊத்திடு’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னமும் உண்டு. குழந்தை அழுத உடனே, ‘உனக்குப் பால் பத்தலைடீ’ என்று தீர்ப்பு எழுதும் சொந்தங்களும் உண்டு. அன்று வெள்ளை உடுப்புக்காரி செய்த வேலையை, இன்று பாசத்தோடு நாமே செய்கிறோம்!

உண்மையிலேயே பால் கொடுக்க முடியாத தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு டாக்டர் சொல்லும் மாற்று வழிகளும் இருக்கின்றன. அதற்காக எந்தத் தாயும் குன்றிப்போக வேண்டியதில்லை. ஆனால், ‘பத்தலை’ என்று பயப்படுகிற பல பெண்களுக்குத் தேவை, குழந்தையைச் சரியாக மார்பில் அணைத்துப் பிடிக்கக் கற்றுத்தரும் ஒரு நர்ஸ். வேளாவேளைக்குச் சாப்பாடு. இரவில் குழந்தையைக் கொஞ்ச நேரம் தோளில் போட்டுக்கொள்ளும் கணவன்.

அடுத்த முறை குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தாராளமாக வாங்கிக்கொண்டு போங்கள். ‘பால் பத்துதா?’ என்ற கேள்வியை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டு, ‘நீ சாப்பிட்டியாம்மா?’ என்று கேளுங்கள்.