வந்த உரிமை போன கதை

உரிமை ஒருமுறை வந்துவிட்டால் பின் அகலாது, ஆண்டுகள் செல்லச்செல்ல அது வளர்ந்துகொண்டேதான் போகும் என்று எண்ணுவோர் பலர். இனிய நம்பிக்கைதான், எனினும் வரலாறு அதற்குச் சான்று கூற மறுக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றான நியூ ஜெர்சியின் கதையைக் கேளுங்கள். 1776இல் அங்கே பெண்ணுக்கு வாக்குரிமைக் கதவு திறந்தது. 1807இல் அது மூடப்பட்டது. மீண்டும் திறக்க 1920 வரை, 113 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று!

எழுத்தில் இல்லாத தடை

1776 ஜூலை 2ஆம் நாள், விடுதலை அறிக்கை வெளிவருவதற்கு இரண்டு நாட்களுக்கு முன், நியூ ஜெர்சி தனக்கென ஓர் அரசியல் சட்டம் வகுத்துக்கொண்டது. வயது வந்தோராய், 50 பவுன் மதிப்புள்ள சொத்துடையோராய், ஓராண்டு அம்மாவட்டத்தில் வாழ்ந்தோராய் உள்ள குடியிருப்போர் யாவரும் வாக்களிக்கலாம் என்றது அச்சட்டம். 'ஆண்' என்ற சொல்லும் அதில் இல்லை. 'வெள்ளையர்' என்ற சொல்லும் இல்லை.

அதனால் சமத்துவம் பூத்துக் குலுங்கிற்று என்று மயங்கிவிட வேண்டாம். மணமான பெண்ணின் உடைமை கணவனுடையதே என்றது அந்நாளைய சட்டம். எனவே 50 பவுன் தகுதி கன்னியர்க்கும் கைம்பெண்களுக்கும் மட்டுமே கிட்டிற்று. தாலி இல்லாத நாட்டிலும் திருமணம் ஒரு விலங்காகவே இருந்தது! அடிமைகளாய் உழன்ற கறுப்பின மக்களுக்கோ உடைமையும் இல்லை, உரிமையும் இல்லை. அவர்களே பிறருக்கு உடைமை. ஆயினும் சொத்துடைய விடுதலை பெற்ற கறுப்பர்கள் வாக்களித்தனர்.

முடிவு நாள் இல்லாத தேர்தல்

புதிய கூட்டாட்சியின் காங்கிரசுக்கு முதல் தேர்தல் வந்தது 1789இல். நியூ ஜெர்சிக்கு நான்கு இடங்கள். மாநிலம் முழுவதும் ஒரே தொகுதி. பிப்ரவரி 11இல் வாக்குப்பதிவு தொடங்கும் என்று விதித்த சட்டம், என்று முடியும் என்பதைக் கூறவில்லை! அந்த ஓட்டை வழியே புகுந்தது கட்சிச் சூழ்ச்சி. மேற்குப் பகுதி மாவட்டங்கள் விரைவில் பதிவை முடித்தன. அங்கே குவிந்த வாக்குகளைக் கண்ட கிழக்குப் பகுதியினர், தம் வேட்பாளர்கள் முந்தும் வரை பெட்டியை மூடுவதில்லை என்று வாரக்கணக்கில் வாக்களித்தனர். ஆளுநரும் அவர்தம் அவையினரும் மார்ச்சு மாதத்திலேயே மேற்குப் பகுதியார் நிறுத்திய நால்வரும் வென்றதாக அறிவித்துவிட்டனர். எசெக்ஸ் மாவட்டமோ ஏப்ரல் 27 வரை வாக்குப் பதிந்துகொண்டிருந்தது. வாஷிங்டன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்க மூன்று நாட்களே இருந்தன! வழக்கு காங்கிரசுக்குச் சென்றது. செப்டம்பரில் நால்வர் வெற்றியும் உறுதியாயிற்று.

மக்களாட்சி பிறக்கும்போதே மாசற்றுப் பிறப்பதில்லை. ஒரு வரி விடுபட்ட சட்டம் ஒரு மாநிலத்தையே ஆட்டிப்படைக்கும் என்பதை இத்தேர்தல் காட்டிற்று.

'அவன் அல்லது அவள்'

1790இல் இயற்றிய தேர்தல் சட்டம் ஏழு மாவட்டங்களில் வாக்காளரை 'அவன் அல்லது அவள்' என்றே குறித்தது. 1797இல் அது மாநிலம் முழுமைக்கும் விரிந்தது. பெண்கள் வாக்களித்தது கட்டுக்கதை அன்று. மான்ட்கமரி என்னும் ஊரின் 1801ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலில் 343 பெயர்கள்; அவற்றுள் 46 பெண்களுடையவை.

1800இல் காங்கிரஸ் தேர்தலுக்கான சட்ட முன்வரைவு மன்றத்தில் வந்தபோது, மணமாகாத பெண்களின் வாக்கையும் கைம்பெண்களின் வாக்கையும் அலுவலர்கள் மறுக்கக்கூடாது என்று வெளிப்படையாக எழுதலாமே என்றார்கள். அரசியல் சட்டமே அவ்வுரிமையைத் தந்துவிட்டது, தனியே எழுதுவானேன் என்று அதனைத் தள்ளினர். ஏழே ஆண்டுகள்! அரசியல் சட்டம் தந்ததைச் சாதாரணச் சட்டம் ஒன்று பறித்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

1797இல் எலிசபெத் டவுனில் பெண்கள் திரண்டு வந்து வாக்களித்தனர். அவ்வாக்குகளால் தோல்வியின் விளிம்புவரை சென்று, இறுதியில் தப்பிப் பிழைத்தவர் ஜான் காண்டிக்ட்.

1807 தொடக்கத்தில் எசெக்ஸ் மாவட்டத்தில், நீதிமன்றக் கட்டடத்தை நூவர்க்கில் அமைப்பதா எலிசபெத் டவுன் பக்கம் அமைப்பதா என்று வாக்கெடுத்தனர். ஒருவரே பலமுறை வாக்களித்தார். ஆண்களும் சிறுவரும் பெண்ணுடை தரித்து வந்தனர் என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. தகுதியுடையோர் தொகையை விஞ்சிற்று வாக்குத் தொகை. முடிவு செல்லாதென அறிவிக்கப்பட்டது.

பெண்வேடம் புனைந்தவன் ஆண், தண்டனையோ பெண்ணுக்கு! அவ்வாண்டு நவம்பரில், தூய்மையின் பெயரால் புதுச்சட்டம் வந்தது: வரி செலுத்தும், விடுதலை பெற்ற, வெள்ளை ஆண் குடிமகனுக்கே இனி வாக்கு. இதில் இன்னொரு சூது உண்டு. வரிப் பட்டியலில் பெயர் இருந்தாலே போதும் என்று, ஏழை வெள்ளையனுக்குச் சொத்துத் தடை தளர்த்தப்பட்டது. ஒரு கையால் ஏழைக்குக் கொடுத்து, மறுகையால் பெண்ணிடமும் கறுப்பரிடமும் பறித்தனர். கொடுத்ததைக் கொண்டாடியவர்கள் பறித்ததைப் பார்க்கவில்லை. இரு கட்சியினரும் இதற்கு உடந்தை. பெண்களின் வாக்கை நேற்றுவரை தேடி அலைந்தவர்கள், அது எதிரிக்கும் பயன்படும் என்று கண்டதும் கைகழுவினர்.

நியூ ஜெர்சியின் பெர்த் அம்பாயில் தாமஸ் மண்டி பீட்டர்சன் என்னும் கறுப்பினத் தோழர் வாக்களித்தது 1870 மார்ச்சு 31இல். அதற்குப் பின்னும் பெண்ணினம் ஐம்பதாண்டுகள் காத்துக் கிடந்தது.

தோழர்களே! சட்டத்தின் மறதியால் கிடைத்த உரிமை, சட்டத்தின் நினைவு திரும்பியதும் போய்விடும். பிறர் தேவைக்காக வழங்கப்பட்ட உரிமை, அத்தேவை தீர்ந்ததும் திரும்பப் பெறப்படும். உடையோரே அமைப்பாகத் திரண்டு, எழுத்தில் பொறித்து, விழித்திருந்து காக்கும் உரிமையே நிலைக்கும். 1807இல் நியூ ஜெர்சிப் பெண்களுக்கென ஓர் இயக்கம் இல்லை. ஆகவே அவர்கள் உரிமை ஓசையின்றி மறைந்தது. 1920இல் இயக்கம் இருந்தது. ஆகவே வந்தது, நின்றது. உரிமை கேட்பது ஒரு போர். பெற்றதைக் காப்பது முடிவில்லாப் போர்.