வினைக்குப்பின் தொழிற்பெயரும் செயவென் எச்சமும்

ஆங்கிலத்தில் ஒரு முற்றுவினையை அடுத்து மற்றொரு வினை வரும்போது அது காலமும் இடமும் காட்டும் ஆற்றலை இழந்து, ‘இங்’ ஈறு பெற்று ஜெரண்ட் எனப்படும் தொழிற்பெயராகவோ, ‘டு’ என்னும் முன்சொல் பெற்று இன்ஃபினிட்டிவ் எனப்படும் எச்சமாகவோ நிற்கும். எவ்வினை எதனை ஏற்கும் என்பதே இப்பகுதியின் பொருள். தமிழில் முற்றுவினை இறுதியில் நிற்பதால் இத்தொழிற்பெயரும் எச்சமும் அதற்கு முன் வரும்.

‘இங்’ பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல் ஆக்கும் விகுதியாக இருந்தது. ‘டு’ என்பதோ திசையை உணர்த்திய சொல். நான்காம் வேற்றுமை ஏற்ற வினைப்பெயரோடு சேர்ந்து நோக்கப் பொருள் தந்தது. ஆகவே நடந்ததும் நடப்பதுமாகிய செயலைத் தொழிற்பெயரும், இனி நடக்க வேண்டியதை எச்சமும் குறிக்கும் என்பது பொதுவிதி. ‘வான்ட்’, ‘ஹோப்’, ‘டிசைட்’ முதலியன எச்சத்தையும், ‘என்ஜாய்’, ‘ஃபினிஷ்’, ‘டினை’ முதலியன தொழிற்பெயரையும் ஏற்கின்றன. ‘சஜஸ்ட்’, ‘அவாய்ட்’ இரண்டும் இனி நடப்பதைச் சுட்டினும் தொழிற்பெயரையே ஏற்பது விதிவிலக்கு.

இவ்வேறுபாடு தமிழிலக்கணத்துக்குப் பழையது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளை ஒன்பதாக எண்ணுகிறது. அவற்றுள் செய, செயற்கு ஆகிய இரண்டும் இங்கு நேராகப் பொருந்துவன. செயற்கு என்பது ‘செயல்’ என்னும் தொழிற்பெயரோடு குவ்வுருபு சேர்ந்த வடிவம். ஆங்கிலத்தின் பழைய ‘டு’ அமைப்பும் இதே வழியில் பிறந்தது என்பது மொழிநூலார் மேலும் ஆராயத்தக்க ஒப்புமை. பவணந்தியின் நன்னூல், செயற்கு என்பதை விடுத்து செய்யா, வான், பான், பாக்கு ஆகியவற்றைச் சேர்த்து வாய்பாடுகளைப் பன்னிரண்டாக்கி, ஐந்தினை இறந்தகாலத்துக்கும், செய என்பதனை நிகழ்காலத்துக்கும், ஆறினை எதிர்காலத்துக்கும் உரியனவாக வகுத்தது. தொழிற்பெயர்க்குப் பிற்கால இலக்கண நூல்கள் தல், அல், கை, வை முதலாகப் பத்தொன்பது விகுதிகளைக் காட்டுகின்றன. எடுத்தது, எடுப்பது எனக் காலம் காட்டிச் செயலைக் குறித்து வருவனவும் தெரிநிலைத் தொழிற்பெயர்களே ஆகும். அப்போது அவை வினையாலணையும் பெயர் அல்ல. 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறிய தம் கொடுந்தமிழ் இலக்கணத்தில் வீரமாமுனிவர் லத்தீன் முறையைப் பின்பற்றிச் செயவென் எச்சத்தையே இன்ஃபினிட்டிவாகக் கொண்டார். ஐரோப்பிய இலக்கணிகள் பலரும் அவ்வழியே சென்றனர்.

பேச்சுவழக்கில் இப்பாகுபாடு எவ்வளவு உறுதியாக உள்ளது என்பதைப் போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப்பேறிப் போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களின் பேச்சில் காணலாம். ஏலச்செடியின் தூரடியில் படரும் சரங்களில் காய்கள் ஒருங்கே முற்றுவதில்லை. எனவே முற்றியதை மட்டும் ஆய்ந்தெடுத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் அதே தூருக்கு வர வேண்டும். ஒரு தூரைத் தவறவிட்டவள் ‘காய் எடுக்க மறந்துட்டேன்’ என்பாள். எடுத்த தூருக்கே மறுபடி வந்து குனிந்தவள் ‘எடுத்ததை மறந்துட்டேன்’ என்பாள். முன்னது ஆங்கிலத்தில் ‘ஃபர்காட் டு பிக்’, பின்னது ‘ஃபர்காட் பிக்கிங்’. ‘ஸ்டாப்’ என்னும் வினையும் இத்தகையது: எடுப்பதை நிறுத்தினால் தொழிற்பெயர், கஞ்சி குடிக்க வேலையை நிறுத்தினால் எச்சம்.

தமிழின் ஒரே வினை ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிவதும் உண்டு. வர மறுத்தல் ‘ரெஃப்யூஸ்’ என எச்சத்தையும், எடுத்ததை மறுத்தல் ‘டினை’ எனத் தொழிற்பெயரையும் ஏற்கும். ஒப்புக்கொள்ளுதலும் அவ்வாறே ‘அக்ரீ’, ‘அட்மிட்’ எனப் பிரியும். பிழை நேர்வது தமிழ் வடிவம் வழிகாட்டாத இடங்களில்தான். ‘எடுத்து முடித்தாள்’, ‘எடுத்துப் பார்த்தாள்’ என்பவற்றில் வரும் செய்தென் எச்சத்துக்கு ஈடாக ஆங்கிலம் ‘ஃபினிஷ்’, ‘ட்ரை’ என்பவற்றின்பின் தொழிற்பெயரை வைக்கிறது. ‘போகச் சொன்னார்’ என்னும் அமைப்பை மனத்திற்கொண்டு ‘சஜஸ்ட்’ என்பதன்பின் ‘டு’ சேர்ப்பது மாணவரிடம் மிகப் பரவலான பிழை. ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பதில் உள்ள ‘டு’ வேற்றுமைச்சொல் ஆதலால் அதன்பின் தொழிற்பெயரே வரும்.

இன்றைய வகுப்பறைகளில் இப்பகுதி பெரும்பாலும் வினைப்பட்டியலாக மனப்பாடம் செய்விக்கப்படுகிறது. போடி வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ‘எடுக்க மறந்தாள்’, ‘எடுத்ததை மறந்தாள்’ என்னும் இரு தொடர்களே முதற்பாடமாதல் வேண்டும்; பட்டியல் விலக்குகளுக்கு மட்டும் போதும்.