பாட்டி கழற்றி வைத்த பேட்டரி

சென்ற மாதம் செங் வட்டாரத்திலேயே ஒரு தாமானிலிருந்து இன்னொரு தாமானுக்கு வீடு மாறினோம். பத்து நிமிடப் பயணம்தான். நான் பொறியாளன் என்பதால் மின்பொருட்களைக் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. தட்டைத் தொலைக்காட்சியைப் போர்வையில் சுற்றி, லோரியில் படுக்க வைத்தேன். இறக்கிப் பார்த்தால் திரையில் குறுக்கே ஒரு விரிசல். "படிச்சவன் கட்டுன லட்சணம்" என்றார் அம்மா.

அதே லோரியில் பாட்டியின் டிரான்சிஸ்டர் வானொலியும் வந்தது. தோட்டத்தை விட்டு வந்தபோது சுற்றிய அதே கைலித்துணி. பேட்டரி அறையைத் திறந்தேன். உள்ளே பேட்டரி இல்லை; ஸ்பிரிங்கில் களிம்பும் ஏறவில்லை.

நம் வரலாற்றில் வீடு மாறுவது பெரும்பாலும் நாம் எடுத்த முடிவல்ல. 1950களில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு மறுபடி விற்றார்கள். உங்கு அசிஸ் தலைமையிலான ஆய்வு 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பதிவு செய்தது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதும் இதை எதிர்கொள்ளத்தான். தோட்டம் கைமாறுவது அதோடு நிற்கவில்லை. லயத்து வீடு நிர்வாகத்துடையது என்பதால் வேலை போனால் வீடும் போகும். ஏக்கருக்குக் கணக்கு இருக்கிறது. லோரியில் என்ன ஏறியது என்பதற்குக் கணக்கில்லை.

எங்கள் வீட்டில் முதலில் ஏறியது வானொலி. மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 28 டிசம்பர் 1963இல் தொடங்கியது. எங்கள் லயத்துக்கு அது வெகுகாலம் கழித்துத்தான் வந்தது. அந்தப் பழைய பெட்டியை, திரை நெஞ்சோடு ஒட்டும்படி தாத்தா தூக்கி வந்து மெத்தைமேல் வைத்தாராம். சரியான முறைதான். படக்குழாயின் உள்ளே வெற்றிடம். வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாங்க முன்கண்ணாடி கனமாக இருக்கும், பின்கழுத்து மெலிசாக இருக்கும். இன்றைய தட்டைத் திரை நேர்மாறு. படுக்க வைத்தால் மெல்லிய கண்ணாடி நடுவில் தொய்ந்து, ஒவ்வொரு குலுக்கலுக்கும் வளையும். நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

காற்றுக்குமிழ் உறையை 1957இல் அமெரிக்காவில் இருவர் சுவரில் ஒட்டத்தான் செய்தார்கள். பொருள் கட்டவும் உதவும் என்பது பிறகுதான் தெரிந்தது. லயத்தில் மெத்தையும் கைலியும் அதே வேலையைச் செய்தன: விழும் அடியை ஓரிடத்தில் விடாமல் பரப்பி, மெதுவாக்கின.

பேட்டரியை ஏன் கழற்றினார் பாட்டி? அந்தக்கால பேட்டரியில் துத்தநாகக் கூடுதான் மின்முனையும். அது கரையக் கரைய ஓட்டை விழும். உள்ளிருக்கும் உப்புக்கரைசல் கசிந்து வானொலியை அரிக்கும். பாட்டி இதைப் படித்தவரில்லை. அம்மாவிடம் கேட்டேன்.

"போற எடத்துல எப்ப மூட்டையப் பிரிப்போம்னு யாருக்குத் தெரியும்? அதான் கழட்டிட்டாங்க."

நான் பத்து நிமிடத்துக்குக் கட்டினேன். பாட்டி, எத்தனை நாள் என்றே தெரியாத ஒரு காத்திருப்புக்குக் கட்டியிருக்கிறார். வானொலியை அதே கைலியில் சுற்றி, அலமாரியில் வைத்தேன்.